விற்பவன் மௌனம்

வீடு வாங்குவோன் தானே பார்த்துத் தெளிய வேண்டியது எவ்வளவு, விற்போன் தானாக எடுத்துச் சொல்ல வேண்டியது எவ்வளவு என்னும் வினா இல்லறத்தாராகிய நமக்குப் புதியதன்று. ஆயினும் அணுவிரதங்களை நாள்தோறும் நினைவுகூரும் குடும்பங்களிற்கூட, பத்திரப்பதிவு அலுவலகத்தின் படியேறும் நாளில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. 2018-ஆம் ஆண்டில் எங்கள் தந்தையாரின் வீட்டை விற்க நேர்ந்திராவிடில் எனக்கும் எழுந்திராது.

திருவொற்றியூரில், பக்கிங்காம் கால்வாய்க்குச் சற்றுக் கிழக்கே அமைந்த பழைய வீடு அது. விம்கோ நகர் வரையிலான மெட்ரோ ரயில் பாதைப் பணி அப்போது நடந்துகொண்டிருந்தமையால் விலை ஏறுமுகமாக இருந்தது. விற்பதென முடிவானதும் சுவர்களுக்குப் பட்டி பார்த்து வண்ணம் பூசினோம். கீழ்ச்சுவரில் இடுப்பளவு ஏறியிருந்த ஓதமும், உப்புப் பூத்துப் பெயர்ந்த காரையும் இரண்டே நாளில் மறைந்தன. வீட்டை அழகுபடுத்துகிறோம் என்றே அன்று எண்ணினேன்.

மாசி மாதத்தில் ஓர் இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் வந்து பார்த்தனர். மாசியில் வடசென்னையின் எந்தத் தெருவும் உலர்ந்தே இருக்கும். “மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா?” என்று அந்தப் பெண் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தரகர், “இந்தத் தெருவில் நிற்காதம்மா” என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே கூடத்தில் முழங்காலளவு நீரில் நின்று, தந்தையாரின் சாஸ்திர நூல்களைப் பரண்மேல் ஏற்றியவன் நான். ஆயினும் பேசாது நின்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பது உண்மை. சிராவக ஒழுக்கத்தை வகுத்த சமந்தபத்திர சுவாமிகளோ, வாய்மை அணுவிரதம் பூண்டவன் பெரும்பொய்யைத் தான் சொல்லாமை மட்டுமன்றிப் பிறரைக்கொண்டு சொல்விக்காமையும் வேண்டும் என இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விதித்துள்ளார். தரகர் யாருக்காகப் பேசினார்? அவருக்குக் கூலி கொடுப்பவன் நானல்லவா? மேலும், தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களாகக் கள்ள அளவையோடு, ஒன்றைப் போன்ற மற்றொன்றைக் காட்டி விற்பதையும் எண்ணுகிறது. நெய்யில் கலப்படம் செய்வோனை நாம் உடனே இனங்காண்கிறோம். ஓதம் ஏறிய சுவரை உலர்ந்த சுவராகக் காட்டும் வண்ணப்பூச்சு அவ்வகையில் சேருமா சேராதா என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். சேரும் என்றே பட்டது.

நாட்டின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவனுக்குத் தெரிந்ததும், வாங்குபவனுக்குத் தெரியாததும், சாதாரணக் கவனத்தால் அவன் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை விற்பவன் வெளிப்படுத்தியே தீர வேண்டும் என்கிறது. ‘சாதாரணக் கவனம்’ என்பதில்தான் வழக்கறிஞர்கள் வாதிட இடமிருக்கிறது. தெருவில் நான்கு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும் வெள்ளம், மறைந்த குறையா, மறையாக் குறையா?

இவ்வாதம் மிகப் பழையது. ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் வீட்டு விற்பனையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். மரம் உளுத்து, அறைகளில் நச்சுயிர்கள் திரியும் வீடு. உடையவனன்றி எவரும் அதை அறியார். டயோஜெனஸ் என்னும் அறிஞர், வாங்கும்படி எவரும் வற்புறுத்தவில்லையே, சொல்லாமை வேறு, வஞ்சித்தல் வேறு என்கிறார். அவருடைய மாணாக்கராகிய ஆன்டிபேட்டரோ, வழி தவறியவனுக்கு வழிகாட்டாமல் விடுவதைவிடவும் இது கொடிது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணாக்கர் பக்கமே.

வாங்குவோர் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதன்று என் கருத்து. பிரமாதம், அதாவது கவனமின்மை, இம்சைக்கு வேர் என்பது நம் ஆகமக் கொள்கை. ஒரு பொருளைப் பார்த்து எடுத்துப் பார்த்து வைப்பதையே முனிவர்க்குச் சமிதியாக விதித்தனர். வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கும் வீட்டைப் பார்க்க நாம் செலவிடுவதோ அரைமணி நேரம். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் காகிதத்தின் குறையைக் காட்டும். சுவரின் குறையைக் காட்டா. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறாரே எனலாம். அவர் பெரும்பாலும் வங்கியின் பணத்துக்கு அந்த வீடு ஈடாகுமா என்று பார்க்க வருபவர்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடு பார்ப்பவர்க்கு அந்த வட்டாரமே ஆசிரியன். அண்டை வீட்டு வாசற்படிகள் புதிதாக உயர்த்திக் கட்டப்பட்டிருந்தால் வெள்ளம் வந்த கதை அங்கே எழுதப்பட்டுள்ளது. கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், கடலுப்பு உள்ளே புகுந்துவிட்டதென்று பொருள். துரு இரும்பைவிடப் பருமனில் மிகுதியாகையால் கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. மெட்ராஸ் டெரஸ் தளமாயின் தேக்கு உத்தரங்கள் சுவரில் நுழையும் முனைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். கறையான் அங்கேதான் தொடங்கும். (கறையான் பற்றிய வீட்டை அறியாது வாங்கிப் பின் மருந்தடிக்க நேர்வதை நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.) ஆழ்துளைக் கிணற்று நீரை முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பது நன்று. 2013-இல் தண்டையார்ப்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் மக்களின் கிணறுகளுக்கே வந்து சேர்ந்தது. பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சென்று காற்றையும் அறிய வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது அம்மோனியா நெடியே. இவை யாவற்றினும் எளியது, தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேட்பது. அவருக்கு விற்க ஒன்றுமில்லை.

அதே 55-ஆம் பிரிவு வாங்குவோன் மேலும் ஒரு கடமையைச் சுமத்துவதைப் பலர் அறியார். சொத்தில் தனக்குள்ள உரிமையின் அளவை விற்பவர் அறியாதிருந்து, அது அவருடைய உரிமையின் மதிப்பை மிகுவிப்பதாயிருந்தால், அறிந்த வாங்குவோன் அதைச் சொல்லிவிட வேண்டும். தமக்கு ஆயுட்கால அனுபவம் மட்டுமே உண்டென நம்பி மலிவாக விற்கும் கைம்பெண்ணிடம், பத்திரப்படி முழு உரிமையும் அவருடையதே என்று கூறும் வாங்குவோரை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

மறுநாள் அத்தம்பதியரை அழைத்து வெள்ளத்தையும் ஓதத்தையும் சொன்னேன். அவர்கள் நன்றி கூறினர், மீண்டும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, அத்தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் எல்லாம் தெரிந்தே வாங்கினார், பேசிய விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்து.

அவ்விலையில் பாதி என் தமக்கையாருடையது. மகளின் திருமணத்துக்கென அவர் நம்பியிருந்த தொகை அது. பிறர்க்குத் துன்பம் விளைக்கும் மெய்யையும் கூறற்க என்று அதே சமந்தபத்திரர் சொல்லியிருக்கிறாரே எனச் சுற்றத்தார் ஒருவர் எனக்கு எடுத்துக்காட்டினார். அவருக்கு விடை கூறுவது அரிதன்று. மெய்யை மறைத்தால் அத்துன்பம் அக்கைக்குழந்தையின் வீட்டுக்குச் சென்றிருக்கும், அவ்வளவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் கரிய கோடிட்டபோது, அந்தத் தம்பதியர் எங்கே குடியிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

தமக்கையாருக்குத்தான் என்னால் விடை கூற இயலவில்லை. அவர் சினந்து பேசவில்லை. “சொன்னது சரிதான் தம்பி. ஆனால் விரதம் உன்னுடையது, பாதிப் பணம் என்னுடையது. சொல்வதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். கேட்டிருந்தால் அவரும் சம்மதித்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் அன்று கேட்காமல் விட்டேன்.