உன் பாலிசியை நீயே எழுது!

எங்கே காலியோ அங்கே போடு! ஒரு காலத்தில் டேட்டா சென்டர்களின் எழுதப்படாத சட்டம் இதுதான். ஸ்டோரேஜ் பிரிவினர் லன் எனும் சேமிப்புத் துண்டுகளை வெட்டித் தருவார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பெயர் சூட்டி எக்செல் தாளில் குறித்து வைப்பார்கள். புதிதாக ஒரு விஎம், அதாவது மெய்நிகர் கணினி வந்தால், எதில் இடம் மிச்சமோ அதில் தள்ளிவிடுவார்கள். சம்பளக் கணக்கைச் சுமக்கும் டேட்டாபேஸும், சோதனைக்குப் போட்ட சர்வரும் ஒரே டிஸ்க்குக்கு முட்டி மோதும். டேட்டாபேஸ் திணறும். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல அதற்கு வழியே கிடையாது.

2011-இல் தன் மெய்நிகராக்க மென்பொருளான வீஸ்பியர் 5.0 வெளியானபோது, விஎம்வேர் நிறுவனம் இந்த வரிசையைத் தலைகீழாக்கத் தொடங்கியது. உனக்கு என்ன தேவை? அதை முதலில் பாலிசியாக, அதாவது விதியாக எழுது என்றது. ஸ்டோரேஜ் தன் திறனை வாசா என்ற இடைமுகம் வழியே தானே அறிவிக்கும். விஎம் உருவாக்கும் திரையில் பாலிசியைத் தேர்ந்தெடுத்த மறுகணம், டேட்டாஸ்டோர்கள் எனும் சேமிப்பிடங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும்: பொருந்துபவை, பொருந்தாதவை. எத்தனை டெராபைட் காலியாக இருந்தாலும், கேட்ட திறன் இல்லையென்றால் பொருந்தாத வரிசைதான்!

அந்த விஎம்மைப் பராமரிக்கும் நண்பனே, இப்போது சொல். உன் பாலிசி எங்கே?

கிடைத்த வேலை, கிடைத்த ஷிஃப்ட், கிடைத்த சம்பளம் என்று எத்தனை நாள் ஓட்டப் போகிறாய்? விஎம்வேரின் ஸ்டோரேஜ் மென்பொருளான வீசானில் பாலிசி எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுப் பார். டீஃபால்ட் பாலிசி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது கெட்டதல்ல, ஆனால் உன்னை நினைத்து எழுதியதும் அல்ல. வாய் திறக்காதவனுக்கு வாழ்க்கையும் டீஃபால்ட்டைத்தான் மாட்டிவிடும். என்ன கற்க வேண்டும், எந்தப் பொறுப்பு வேண்டும், எதை விட்டுத்தர மாட்டாய்? எழுது!

சும்மா கேட்டால் கிடைத்துவிடுமா? கிடைக்காது. வீசானில் ஒரு ஹோஸ்ட், அதாவது விஎம்களைத் தாங்கும் ஒரு சர்வர் விழுந்தாலும் தரவு பிழைக்க வேண்டுமென்றால், பிரதி எடுக்கும் முறையில் 100 ஜிபிக்கு 200 ஜிபி கொடுக்க வேண்டும். குறைந்தது 3 ஹோஸ்ட் வேண்டும். இரண்டு விழுந்தாலும் தாங்க வேண்டுமா? 300 ஜிபி, 5 ஹோஸ்ட். தாங்கும் வலிமைக்கு விலை உண்டு. அந்த விலையை உன் மாலை நேரத்திலிருந்தும் விடுமுறையிலிருந்தும் எடுத்து வை.

தோல்விக்கு அஞ்சுகிறாயா? ஒரு ஹோஸ்ட் திடீரென்று காணாமல் போனால் வீசான் பதறுவதில்லை. இயல்பாக 60 நிமிடம் காத்திருக்கும். போனது திரும்பாவிட்டால், இன்னொரு ஹோஸ்டில் புதுப் பிரதியை எழுதத் தொடங்கிவிடும். ஆனால் 3 ஹோஸ்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த இன்னொரு ஹோஸ்ட் ஏது? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நான்காவதைச் சேர்த்தே வாங்குகிறார்கள். புதுப் பிரதி எழுதி முடியும்வரை திரையில் 'பாலிசிக்குப் பொருந்தவில்லை' என்ற எச்சரிக்கை நிற்கும். விஎம்மின் தரவு மட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும்! உன் மீது யாராவது அந்த முத்திரையைக் குத்தினால் முடங்கிவிடாதே. எது குறைகிறது என்று பார், அதைச் சேர்.

வயதாகிவிட்டது, இனி மாற முடியாது என்கிறாயா? ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் பாலிசியை அணைக்காமலே மாற்றலாம். அது பயனருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பின்னால் தரவு புதிய விதிப்படி இடம் மாறிக்கொண்டிருக்கும். வேலையை விடாமலே, வீட்டைக் கவனித்தபடியே நீயும் உன் விதியைத் திருத்தலாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். திறனை அறிவிக்காத ஸ்டோரேஜ், அத்திறனைக் கேட்கும் பாலிசியின் கண்ணில் படாது. உள்ளே எவ்வளவு வேகம் இருந்து என்ன பயன்? உனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டு. அடுத்த கூட்டத்தில் கடைசி நாற்காலியில் ஒடுங்காதே. "இந்த மைக்ரேஷனை நான் செய்கிறேன், அதற்கு இன்னின்னவை வேண்டும்" என்று நிமிர்ந்து சொல். திறனையும் தேவையையும் ஒரே மூச்சில் சொல்பவனுக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். தராத இடம் உனக்குப் பொருந்தாத இடம். பட்டியலில் அடுத்ததைப் பார்!