யாருப்பா இது?



நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் எடுக்கிற வேலை விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் தோட்டத்தில் இறங்குவார்கள். பிடுங்கி, தழையை அறுத்து, கழுவுகிற மெஷினுக்குக் கொண்டுபோய், மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேரும். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகு நானும் அந்த இருட்டில் எழுந்து போகிறேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய கதையைத் தொட வேண்டும்.

எனக்குப் பத்து வயதில் ஒரு சிநேகிதன் இருந்தான். பெயர் வேண்டாம், இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறான், இதை ரேடியோவில் கேட்டாலும் கேட்பான். அவன் குடும்பம் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் மலையேறி வந்தவர்கள். நாங்கள் 'லைன் வீடு' என்கிற தொழிலாளர் வரிசை வீட்டை அவன் அம்மா 'லயம்' என்பார். டீ அவருக்குத் 'தேத்தண்ணி'. கோதுமை மாவில் தேங்காய்த் துருவலைப் போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிச் சுடுகிற கனத்த ரொட்டியும், காய்ந்த மிளகாயும் தேங்காயும் சேர்த்து இடித்த சம்பலும் அந்த வீட்டில் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்ததும் அவன் என்னைக் கேட்காமலே என் டப்பாவைத் திறப்பான். என் தயிர்சாதம் அவனுக்கு, அவன் ரொட்டி எனக்கு. அந்தப் பண்டமாற்றில் லாபம் எனக்குத்தான்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெரியவர்கள் 'சிலோன்காரங்க' என்பார்கள். கோபம் வந்தால் 'அகதிங்க'. இந்த இரண்டாவது சொல் சட்டப்படியே தப்பு. அவர்கள் இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் இலங்கைக்குக் கூட்டிப்போன ஏழை ஜனங்களின் பேரப்பிள்ளைகள். முதலில் காப்பித் தோட்டம், காப்பிச் செடி நோய்கண்டு அழிந்ததும் தேயிலை. 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. மண்டியில் மூட்டை பிரிக்கும்போதுகூட "இது யாரோடது?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே கையெழுத்துப் போடும்முன் அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது. டான்டீ என்கிறோமே, அதுதான். அங்கே இடம் கிடைக்காதவர்கள் குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று கூலிவேலை தேடிச் சிதறினார்கள். அவன் அப்பா அம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள்.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் மே மாதம், ஊட்டியில் மலர்க் கண்காட்சி. கோயமுத்தூரிலிருந்து மாமா குடும்பத்தோடு காரில் வருகிறார், நாங்கள் தாவரவியல் பூங்கா வாசலில் அவர்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. அடம்பிடித்து அவனையும் கூட்டிக்கொண்டேன். கேத்தி ஸ்டேஷனில் ரயிலேறி, லவ்டேல் தாண்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருவரும் கத்திக்கொண்டே போனோம். என் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். அதன் கை அவன் மணிக்கட்டுக்கு எட்டவில்லை.

பூங்கா வாசலில் மாமா நின்றார். மாமா பெண்கள் இருவரும் நின்றார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வெள்ளை சாக்ஸ். இவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். எப்போதும் போடுகிற கைதான். அன்றைக்கு மட்டும் அது கனத்தது.

"யாருப்பா இது?" என்றார் மாமா.

"நம்ம தோட்டத்துல வேலை செய்றவங்க பையன், மாமா."

பொய்யில்லை. எழுத்துக்கு எழுத்து உண்மை. அதனால்தான் இத்தனை வருஷம் அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது.

"அப்படியா, அப்ப இந்தப் பையைத் தூக்கிக்கச் சொல்லு."

தோளில் இருந்த கை இறங்கியது. பிளாஸ்க், சாப்பாட்டுத் தூக்கு, ஆரஞ்சு எல்லாம் அடைத்த பெரிய பை. பூங்கா முழுக்க அதைச் சுமந்துகொண்டு பத்தடி பின்னால் வந்தான். கண்ணாடி மாளிகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவன் பூவைப் பார்க்கவில்லை. பை ஈரப் புல்லில் உரசாமல் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

மறுநாள் தோட்டத்தில், "வாடா, ஓடைக்குப் போலாம்" என்றேன். "நீங்க போங்க, எனக்கு வேலை இருக்கு" என்றான்.

பத்து வயதுப் பையன் இன்னொரு பத்து வயதுப் பையனை 'நீங்க' என்றான். அடிக்கவில்லை, அழவில்லை, திட்டவில்லை. தமிழில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. மரியாதையாலேயே கதவைச் சாத்திவிடலாம். ஜூனில் என்னை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவன் எட்டாவதோடு நின்றுவிட்டான்.

ஏழைச் சிநேகிதனைக் கண்ணன் அணைத்துக்கொண்ட குசேலர் கதையை நாம் குழந்தைகளுக்கு ஆசையாகச் சொல்கிறோம். பாரதத்தில் துருபதன் கதை வந்தால் வேகமாகக் கடந்துவிடுகிறோம். துருபதனும் துரோணரும் ஒன்றாகப் படித்தவர்கள். நான் அரசனானால் பாதி நாடு உனக்கு என்று அரசன் மகன் சொல்லியிருந்தான், பிள்ளைகள் சொல்வதுபோல. பிறகு துரோணர் வீட்டில் வறுமை. மற்றப் பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததைப் பால் என்று குடித்துவிட்டு மகன் அசுவத்தாமன் கூத்தாடினான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் துரோணர் பழைய நண்பனைத் தேடிப் போனார். அரசனுக்கும் ஆண்டிக்கும் என்ன நட்பு என்று துருபதன் கேட்டான். தன் சீடன் அர்ஜுனனை விட்டுத் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து, பாதி நாட்டை எடுத்துக்கொண்டு, "இப்போது நாம் சமம்; இனி நண்பர்களாக இருக்கலாம்" என்றார் துரோணர். இருந்தார்களா? துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று துருபதன் வேள்வி செய்தான். நிலத்தைப் பாதியாக்கினால் கணக்கு நேராகலாம். அவமானத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

திருக்குறளில் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் அடுத்தடுத்து வரும். மூன்றாவது, 'பழைமை'. நெடுநாள் பழகியவர் நம்மைக் கேட்காமலே உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால் அதை விரும்பி ஏற்கச் சொல்கிறார் வள்ளுவர். கேட்காமல் டப்பாவைத் திறக்கிற உரிமை, தோளில் கை போடுகிற உரிமை. பூங்கா வாசலில் நான் பறித்தது அதைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஊர் திரும்பினேன். அவனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, எங்கள் நிலத்தையே குத்தகைக்கு எடுத்துக் கேரட் போட்டிருந்தான். என் தம்பி எழுதிக்கொடுத்த குத்தகை. அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று நாற்காலி போட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உடைந்தது, கண் கலங்கியது. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஞாபகம் இருக்குங்க. அந்தப் பையில ஆரஞ்சு இருந்துச்சு. வாசனை வந்துக்கிட்டே இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கென்னங்க இப்போ. தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றான்.

மேட்டில் ஏறி வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அழுதவன் நான், ஆறுதல் சொன்னவன் அவன். இத்தனை வருஷம் கழித்து வந்து இன்னொரு பையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அடுத்த வாரம் விடியற்காலையில் தோட்டத்தில் போய் நின்றேன். முதல் நாள் நான் பிடுங்கிய கேரட்டில் பாதி மண்ணுக்குள்ளேயே முறிந்தது. அவன் மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கூலி வாங்குவதில்லை, அதற்காக இது தியாகமும் இல்லை. பத்திரத்தில் நிலம் இன்னும் எங்கள் பெயரில்தான். உறைபனி விழுந்து பயிர் கருகினால் நஷ்டம் அவனுக்கு, குத்தகைப் பணம் எங்களுக்கு. இதை மறைத்துக்கொண்டு 'நாம் சமம்' என்று நான் பேசினால் அது துரோணர் பேச்சு.

ஒருநாள் மண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "யாருங்க இது, புது ஆளா?" என்று அவனிடம் கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "கூடப் படிச்சவரு" என்றான். படிச்சவன் இல்லை, படிச்சவரு. சரி என்று மூட்டையைத் தூக்கினேன்.

போன வாரம் மழை திரண்டுகொண்டு வந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினார். அவன் லோடு மேலே ஏறி நின்று மூட்டைகளின் குறுக்கே கயிற்றை வீசிக்கொண்டிருந்தான். நான் கீழே அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கற? கயித்தப் பிடிடா!"

என்ன சொன்னோம் என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த கயிற்றை எடுக்கத் திரும்பிவிட்டான். நான் கயிற்றைப் பிடித்திழுத்து, கொக்கியில் மாட்டி, இறுக்கிக் கட்டினேன்.