வந்த அளவு அனுப்புதல்

இதயத்தின் வலிமையைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். எனக்கு அதன் இணக்கம்தான் பெரிதாகப் படுகிறது. 1895-இல் மியூனிக்கில் ஓட்டோ ஃபிராங்க் தவளையின் இதயத்தில் ஆராய்ந்ததையும், 1914-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் அவருடன் இருந்தவர்களும் நாயின் இதயத்தில் கண்டதையும் சேர்த்து ஒரே விதியாகச் சொல்வார்கள். உள்ளே வரும் ரத்தம் கூடினால் தசை கூடுதலாக நீள்கிறது. நீண்ட தசை கூடுதல் விசையோடு சுருங்குகிறது. வந்த அளவு வெளியே போய்விடுகிறது. மூளையின் உத்தரவு இதற்குத் தேவையில்லை.

*

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இடது கீழறையைவிட வலது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் 1 மில்லிலிட்டர் மட்டும் அதிகமாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால், ஒரு மணி நேரத்தில் 4.3 லிட்டர் நுரையீரலில் தேங்க வேண்டும். உடலில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். அப்படி நேராமல் இரண்டு அறைகளும் ஆயுள் முழுக்க ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றன. நாம் உயிரோடிருப்பது இந்தச் சமநிலையின் தயவில்.

*

இதயம் தளர்ந்த நோயாளிக்கு இடது கீழறையின் நுனியில் ஒரு பம்பைப் பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற ‘ஹார்ட்மேட் 3’ அத்தகையது. காந்த விசையில் மிதக்கும் அதன் சுழலி நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் முறை சுற்றுகிறது. சுழலி எதிலும் உரசாதபடி அதன் இடத்தை மின்னணுக் கட்டுப்பாடு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் சுழலும் வேகத்தை மருத்துவர்தான் எக்கோ எனும் மீயொலிப் படம் பார்த்து ஒரு எண்ணில் நிறுத்துகிறார். நோயாளி உறங்கினாலும் மாடிப்படி ஏறினாலும் அதே எண்தான். தன் சுழலி எங்கே இருக்கிறது என்று பம்புக்குத் தெரியும். தன்னைச் சுமப்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாது.

*

உடலில் நீர் குறைந்து இடது அறைக்கு வரும் ரத்தம் சுருங்கும்போதும் ஒரே வேகத்தில் வைக்கப்பட்ட பம்பு இழுக்கவே பார்க்கும். கிணறு வற்றிய பிறகும் ஓடும் மோட்டார் போல. அப்போது அறையின் சுவரே பம்பின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இதயத்துடிப்பு தடம் புரளவும் கூடும். இதற்குப் பயந்து வேகத்தைக் குறைத்து வைத்தால் ரத்தம் பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகலானது, நாளுக்கு நாள் நகர்வது. அங்கே ஒற்றை எண்ணை நட்டு வைப்பது நம் இயலாமையின் அளவு.

*

மெல்பர்னில் ராபர்ட் சாலமன்சனும் சக ஆய்வாளர்களும் 2012-இல் ஒரு வழியை முன்வைத்தார்கள். பலவீனப்பட்ட இதயமும் கொஞ்சம் துடிக்கத்தான் செய்கிறது. அதனால் பம்பின் ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் தெரியும். அந்த அலை உயர்ந்தால் அறை நிறைகிறது என்று கொண்டு, முதலில் சொன்ன ஸ்டார்லிங் விதிப்படி ஓட்டத்தைக் கூட்டுவது, தணிந்தால் குறைப்பது. நோயுற்ற இதயத்தில் மிஞ்சியிருக்கும் துடிப்பையே இயந்திரத்துக்கு வழிகாட்டியாக்கும் இந்த எண்ணத்தின் முன் நான் தலைவணங்குகிறேன்.

*

ஆனால் எந்த அளவீட்டை நம்பி வேகத்தை மாற்றுவது? ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அழுத்தச் சென்சாரின் மேல் புரதம் படியும். அளவு மெல்லப் பிசகும். சென்சார் வேண்டாமென்று, மோட்டார் இழுக்கும் மின்சாரத்திலிருந்தும் வேகத்திலிருந்தும் ஓட்டத்தைக் கணிக்கலாம். பம்புக்குள் ரத்தம் உறைந்தால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும்; கணிப்போ, ஓட்டம் கூடியதாகக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்தால், ரத்தம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டதாகிவிடும்.

*

ஆகவே, நல்ல கட்டுப்பாட்டிடம் இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறேன். வருவதற்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும். தன் அளவீட்டின் மேல் ஐயம் எழுந்தால், மருத்துவர் வைத்த பழைய வேகத்துக்குத் திரும்பி, எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். இரண்டாவது குணம் நிரூபிக்கப்படாதவரை முதலாவதிடம் மனித உடலை ஒப்படைக்கக் கூடாது. படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருக்க வேண்டும் என்பது நோயாளியின் நியாயமான ஆசை. அதற்காக அவர் தன் உயிரைப் பணயம் வைக்கும்படி நாம் கேட்கலாகாது.