நேர்முகத் தேர்வில் ஏமாந்தவர் யார்?

புனேயில் நான் தங்கியிருந்த நாட்களில், ஞாயிறு வகுப்புக்குத் தவறாமல் வரும் இளைஞர் ஒருவர் ஒரு மாலை வகுப்பு முடிந்த பின்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார். பொறியியல் முடித்தவர். முதல் நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. வேலை கிடைத்துவிட்டது, நியமன ஆணையும் கையில் இருந்தது. முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை.

"சுவாமிஜி, பொய் சொல்லி இந்த வேலையை வாங்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அது பொய்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

நடந்தது இதுதான். மேற்படிப்புக்குச் செல்லும் எண்ணம் உண்டா என்று தேர்வாளர்கள் கேட்டனர். "இல்லை, இங்கேயே நீண்ட காலம் பணியாற்ற விரும்புகிறேன்" என்று விடையளித்தார். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை அதற்கு முந்தின ஞாயிறுதான் எழுதியிருந்தார். இப்படிக் கேட்பார்கள், இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தந்தைக்கு அடுத்த ஆண்டு பணி ஓய்வு. கல்விக் கடன் வேறு. "எல்லோரும் இதையே சொல்கிறார்கள். தெரிந்தே கேட்கிறார்கள், தெரிந்தே சொல்கிறோம். இதில் ஏமாந்தவர் யார்?"

இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பொய்யை எந்நிலையிலும் ஏற்காதவர் என்று பெயர் பெற்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட், 1797-இல் வெளிவந்த தமது அறவியல் நூலில், கடித முடிவில் பணிவுள்ள ஊழியன் என்று எழுதுவது பொய்யாகுமா என்று கேட்கிறார். அதனால் யாரும் ஏமாறுவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். "உங்கள் குறை என்ன?" என்ற கேள்விக்கு "அளவுக்கு மீறி உழைப்பது" என்று விடை சொல்வது இந்த வகையைச் சேர்ந்தது. அது வெறும் சடங்கு. அந்த அறையில் ஒருவரும் அதை நம்புவதில்லை. (இத்தகைய சடங்குகளிலேயே பழகியவரின் சொல் நாளடைவில் எடையிழந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.)

அதே 1797-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட், உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடம் மட்டுமே உண்மை பேசும் கடமை உண்டு என்று வாதிட்டார். காண்ட் அதை மறுத்து எழுதினார். இளைஞருக்குக் கான்ஸ்டன்ட்டின் கட்சி பிடித்திருந்தது. "என் எதிர்காலத் திட்டம் என் சொந்த விஷயம் அல்லவா?" ஓரளவு சரியே. எந்த ஜாதி, திருமணம் எப்போது என்றெல்லாம் கேட்கும் தேர்வாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பணிவோடு விடையளிக்க மறுக்கலாம். ஆனால் சொல்லாதிருக்கும் உரிமை, மாற்றிச் சொல்லும் உரிமையாகிவிடாது. மேலும், மாதக்கணக்கில் பயிற்சியளிக்கப் போகிறவர், இவர் நிலைத்திருப்பாரா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சாந்தோக்ய உபநிஷதத்தின் சத்தியகாமனும் ஒரு வகையில் இத்தகைய தேர்வுக்குச் சென்றவனே. கௌதம முனிவர் கேட்டது கோத்திரம். இன்று நாம் கேட்கவே கூடாது என்று கருதும் கேள்வி. பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், கோத்திரம் தனக்குத் தெரியாது என்றும் தாய் ஜபாலா சொல்லியிருந்தாள். ஏதேனும் ஒரு கோத்திரத்தைச் சொல்லியிருந்தால் யார் விசாரிக்கப் போகிறார்கள்? அவன் தாய் சொன்னதை அப்படியே சொன்னான். உண்மையிலிருந்து வழுவாதவன் என்று கண்டு முனிவர் அவனை ஏற்றார். கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அவனுக்கு உடனே ஞானோபதேசம் கிடைக்கவில்லை. மெலிந்து நலிந்த 400 பசுக்களைப் பிரித்துக் கொடுத்து மேய்க்க அனுப்பினார் குரு. அவை 1000 ஆகாமல் திரும்புவதில்லை என்று புறப்பட்டான். உண்மை பேசியவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது!

காந்திஜிக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாரிஸ்டராகி 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியவர், பம்பாயில் போதிய வழக்குகள் இன்றித் தவித்தபோது, தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தார். சம்பளம் 75 ரூபாய். நேரில் சென்றார். பட்டதாரி அல்லர் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே, உண்மை சொன்னால் வேலை கிடைக்கும் என்று அந்த இளைஞருக்கு நான் வாக்களிக்கவில்லை. வாக்களித்திருந்தால் அதுவே ஒரு பொய்.

"வெளியே உங்கள் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்?" என்று மட்டும் கேட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். சோலாப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்த ஒருவராம். தேர்வு முடிந்ததும் இருவரும் சேர்ந்து தேநீர் அருந்தியிருக்கிறார்கள். வாய்ப்பு வந்தால் மேலே படிக்க ஆசை என்று உள்ளே சொல்லிவிட்டதாக அவர் சொன்னாராம். அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. காரணம் அதுதானா என்பது யாருக்கும் தெரியாது.

நிறுவனம் ஏமாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தே கேட்டு, தெரிந்தே சொல்லும் அந்த உடன்பாடு இருவருக்கு இடையே ஆனது. சோலாப்பூர்க்காரர் அதில் கையெழுத்திடவில்லை. அவர் கேள்வியை நம்பினார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கல்விக் கடன் என் தோளில் இல்லை; இத்தகைய விஷயங்களில் துறவிக்குத் தைரியம் மலிவு. நுழைவுத் தேர்வு எழுதியிருப்பதைப் பணியில் சேரும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, முடிவை அவர்களிடம் விட வழியுண்டா என்று யோசிக்கச் சொன்னேன். தந்தையிடம் பேசிவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லிச் சென்றார்.

அடுத்த ஞாயிறு வழக்கத்தை விடச் சீக்கிரமாக வந்து, பாய்களை விரிக்க உதவினார். கடிதத்தை வியாழனன்று அனுப்பிவிட்டதாகவும், பதில் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார்.