கூறுகளும் முழுமையும்

ஒரு பொருளின் கூறுகளை அறிந்தவன் அப்பொருளையே அறிந்தவனாவானா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். அதனை ஐயந்திரிபின்றி ஆராய்தற்கு எண்கணிதம் நல்லதோர் இடந்தருகின்றது.

ஒன்றின் மேற்பட்ட முழுவெண் யாதாயினும் அது முதன்மை எண்ணாக இருக்கும்; அன்றேல், வரிசை வேறுபாடு நீங்கலாக, ஒரே வகையில் மட்டும் முதன்மை எண்களின் பெருக்கமாக விரியும். இதற்கான அடிப்படைகள் யூக்கிளிட்டின் நூலிலேயே உள்ளன; தெளிவான நிறுவலைக் கவுஸ் 1801 இல் வெளியிட்டார். எனவே, கூறுகளை முற்றாக அறிந்தால் எண்ணையும் அறியலாம். ஆயின், 'முற்றாக' என்னும் சொல்லிலேயே சிக்கல் தங்கியுள்ளது.

6, 48 ஆகிய எண்களை ஒப்புநோக்குக. சிறிய முதன்மை எண்களால் முறையே வகுத்துச் சென்றால், 6 என்பது ஒரு 2, ஒரு 3 ஆகியவற்றின் பெருக்கமென்பதும், 48 என்பது நான்கு 2, ஒரு 3 ஆகியவற்றின் பெருக்கமென்பதும் புலனாகும். மீள வருவனவற்றை நீக்கி, வேறுவேறான காரணிகளை மட்டும் குறித்தால், இரண்டின் பட்டியலும் 2, 3 என்றே அமையும். அவற்றை அடுத்து வரும் 7, 49 ஆகியவற்றுக்கும் 7 ஒன்றே முதன்மைக் காரணியாகும். அதற்கும் அடுத்த 8, 50 என்பவற்றிலேயே வேறுபாடு வெளிப்படுகின்றது: முன்னதற்கு 2 மட்டும், பின்னதற்கு 2, 5. இவ்வாறு அடுத்தடுத்து வரும் எண்களின் பட்டியல்கள் குறித்த ஒரு தொகை கிடைத்தால் எந்த எண்ணையும் ஐயமின்றி இனங்காணலாம் என்பது ஏர்டிஷ், வூட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் ஊகம். அது இன்னும் நிறுவப்படவில்லை.

மனிதரை மதிப்பிடுங்கால் நேரும் தவறும் இத்தகையதே. பெயர், பிறந்த ஊர், மொழி, சமயம் எனச் சில கூறுகளைக் குறித்துக்கொண்டு, பட்டியல் ஒத்தவரெல்லாம் ஒரே தன்மையர் என முடிவு செய்யப்படுகின்றது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் பட்டியலையொத்த மற்றொருவன் தண்டனை பெறுவதும் இதனாலேயாம்.

வகைப்படுத்தாது அறிவு இயங்காதென்று மறுப்புரைப்பர். அது மெய்யே, நோயை வகைப்படுத்தாத மருத்துவன் மருந்து தர இயலாது. பகுத்து நோக்குதல் குற்றமன்று. எவை உள என்பதை மட்டும் கண்டு, அவை எவ்வளவில் உள, எவற்றின் அயலில் உள என்பவற்றை வினவாது தீர்ப்பளித்தலே குற்றம். எண்ணின் காரணிகளுக்காயினும் ஒரு முடிவுண்டு; மனிதனின் கூறுகளுக்கு அத்தகைய முடிவினை எவரும் கண்டதில்லை. ஆதலின், எண்ணைப் பற்றிக் கூறுவதற்கு வேண்டிய பொறுமையினும் மிக்க பொறுமை மனிதனைப் பற்றிக் கூறுவதற்கு வேண்டும்.