எதிர்ச்சுவர்

2025 ஒக்ரோபர் 19, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாரிஸின் லூவ்ர் நூதனசாலைக்குள் ஆட்கள் ஏறி அரச நகைகளைக் களவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் எங்கள் றெஸ்ரோரன்ற் குசினி முழுக்க அதே கதைதான். எட்டு நகைகள் போனதையும், பேரரசி யூஜெனியின் முடி வழியில் விழுந்து கிடந்ததையும் பெடியள் சினிமாப் படம் பார்த்த மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உதென்ன களவு? 1911இல மோனலிசாவையே ஒரு கூலிக்காரன் தூக்கிக்கொண்டு போனவன்" என்று தொடங்கிவிட்டேன்.

கதை முடியும் வரை எங்கள் சமையல்கார அண்ணை ஒன்றும் பேசவில்லை. வன்னிக்காரர். 2009 மே மாதத்துக்குப் பிறகு தங்கச்சி குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லாதவர். அடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த வருசம் செம்மணியில எலும்பு எலும்பாக் கிண்டி எடுத்தவங்கள். அதைப் பற்றி நீ ஒருநாளும் இப்பிடிக் கண் மின்னக் கதைச்சு நான் காணேல்லை."

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இதை எழுதுவதே அந்தப் பதிலைத் தேடித்தான்.

நான் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு வந்தவன். ஒழுங்காக எதையும் படித்து முடிக்காதவனுக்கு வரும் வியாதி எனக்கும் உண்டு. கண்டது எல்லாவற்றிலும் ஆசை. பழைய படங்களின் எழுத்தோட்டத்தில் வரும் பெயர்கள் மனப்பாடம். மெற்றோவில் போனால் ஸ்டாலின்கிராட், ஓஸ்டர்லிட்ஸ் என்று எந்த நிலையத்துக்கு எந்தப் போரின் பெயர் என்று யோசித்துக்கொண்டு போவேன். பன்னிரண்டு மணித்தியாலம் நின்றபடி வேலை செய்பவனுக்கு இவை சின்னச் சின்னக் கதிரைகள். இதற்கு மேல் இவற்றை நான் நியாயப்படுத்தியதில்லை. அண்ணையின் கேள்விக்குப் பிறகுதான், ரசிப்பவனுக்கும் ஒரு அறம் இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கூலிக்காரனின் கதையிலிருந்தே தொடங்கலாம். பெயர் வின்சென்சோ பெருஜியா. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த பெயின்ற் அடிக்கும் தொழிலாளி. லூவ்ரில் ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையும் செய்தவன். 1911 ஓகஸ்ட் 21, திங்கட்கிழமை, நூதனசாலை பூட்டியிருந்த நாள். ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தையும் கண்ணாடியையும் படிக்கட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாள் அங்கு வரைய வந்த ஓவியர் ஒருவர் கேட்கும் வரை, அது போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

பொலிஸ் முதலில் யாரைப் பிடித்தது தெரியுமா? கவிஞர் அப்போலினேரை. அவர் ரோமில் பிறந்தவர், அப்போது பிரெஞ்சுப் பிரஜை அல்ல. சில நாட்கள் சிறையில் இருந்தார். அடுத்து விசாரிக்கப்பட்டவர் ஸ்பெயின்காரரான பிக்காசோ. லூவ்ரிலிருந்து முன்பு களவுபோன சிறு சிலைகள் இவர்களிடம் வந்து சேர்ந்திருந்தன, அதனால் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனாலும் நாட்டில் ஒன்று களவு போனால் வந்தேறியின் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும் என்பது காட் இல்லாமல் இந்த நகரத்தில் நடந்த எவருக்கும் புதிதல்ல. கடைசியில் எடுத்தவனும் ஒரு வந்தேறிதான் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பெருஜியா ஓவியத்தை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தான். எங்கே? பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில், சென் லூயி ஆஸ்பத்திரித் தெருவில், தன் வாடகை அறையில். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நடந்தே அந்தத் தெருவுக்குப் போகலாம். நான் போய் நின்று பார்த்திருக்கிறேன். உலகம் தேடிய முகத்தை, இரட்டை அடித்தட்டு வைத்த பெட்டிக்குள் ஒரு கூலிக்காரன் பூட்டி வைத்திருந்தான். 1913 டிசம்பரில் புளோரன்ஸுக்குக் கொண்டுபோய் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் காட்டியபோது பிடிபட்டான். நெப்போலியன் இத்தாலியிடம் கொள்ளையடித்ததைத் தாய்நாட்டுக்கு மீட்டேன் என்றான். ஆனால் ஐந்து இலட்சம் லீராவும் கேட்டிருந்தான்.

அவன் சொன்ன சரித்திரம் பிழை. லியோனார்டோ 1516இல் மன்னன் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பில் பிரான்சுக்கு வந்து, 1519இல் இங்கேயே இறந்தவர். ஓவியம் அவரோடு வந்து மன்னனின் கைக்குப் போனது. நெப்போலியன் அதைப் பின்னர் தன் படுக்கை அறையில் மாட்டியது உண்மை, கொள்ளையடித்து வந்தது உண்மையல்ல. ஆனாலும் இத்தாலியில் பலர் பெருஜியாவை வீரனாகக் கொண்டாடினார்கள். 1914இல் நீதிமன்றம் ஒரு வருடமும் 15 நாட்களும் தண்டனை விதித்து, மேன்முறையீட்டில் ஏழு மாதமாகக் குறைத்தது. அன்பும் தேசப்பற்றும் விலைப்பேச்சும் ஒரே பெட்டிக்குள் கிடந்தால் எது எதுவென்று பெட்டிக்காரனுக்கே தெரியாமல் போகும். நம்மவர் சரித்திரம் பேசும்போதும் இதை நான் கண்டிருக்கிறேன். என் பேச்சிலும்தான்.

களவுக்குப் பிறகு நூதனசாலையைத் திறந்தபோது சனம் வெறும் சுவரைப் பார்க்க வரிசையில் நின்றது. செப்ரெம்பரில் வந்து பார்த்தவர்களில் காஃப்காவும் ஒருவர். முன்பு ஓவியத்தை எட்டியும் பாராதவர்கள் அதில் எத்தனை பேரோ. இழந்த பின்புதான் ரசிகர்களானார்கள். ஊரில் இருக்கும்போது மாமரத்தைத் திரும்பிப் பாராத நான், இங்கே ஒரு மாம்பழப் பெட்டியின் முன் நின்றதை நினைத்துக்கொண்டேன்.

வேலையில்லாத ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இலவசமாக விடும் நேரத்தில் லூவ்ருக்குப் போனேன். மோனலிசா சின்னப் படம். 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம். முன்னால் நூற்றுக்கணக்கான தலைகள், தலைக்கு மேல் ரெலிபோன்கள். தள்ளுப்பட்டுச் சலித்து நான் திரும்பினேன். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு கல்யாண விருந்து. வெரோனேசே 1563இல் வரைந்து முடித்த கானாவூர்க் கல்யாணம். கிட்டத்தட்டப் பத்து மீற்றர் அகலம். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டு மண்டபத்துக்காக வரைந்தது. 1797இல் நெப்போலியனின் படை அதைத்தான் வெட்டிச் சுருட்டிப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. நெப்போலியன் விழுந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. பதிலுக்கு வேறொரு பிரெஞ்சு ஓவியத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

ஆக, பெருஜியா தேடிய கொள்ளைப்பொருள் உண்மையிலேயே இருக்கிறது. மோனலிசாவுக்கு நேர் எதிரே தொங்குகிறது. சனம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் படத்தில் மேல்தளத்தில் இறைச்சி வெட்டுகிறார்கள், கீழே பணியாட்கள் திராட்சரசம் ஊற்றுகிறார்கள். குசினியில் நிற்பவனுக்கு முதலில் அவர்கள்தான் கண்ணில் பட்டார்கள்.

அங்கே நிற்கும்போதுதான் அண்ணையின் கேள்வி எனக்குச் சரியாக விளங்கியது. சிரிப்பை ரசிப்பதை அவர் குற்றம் சொல்லவில்லை. உன் முதுகு எதன் பக்கம் இருக்கிறது என்றுதான் கேட்டார். ஒன்றைப் பார்ப்பவனுக்கு இன்னொன்றின் பக்கம் முதுகு இருக்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கலாம்.

இதற்கு எதிராகவும் ஒரு ஞாபகம் இருக்கிறது. 2009 ஏப்ரல், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக நாட்கள். எங்கள் அறையில் ஒரு வன்னிப் பெடியன் இருந்தான். வீட்டாரிடமிருந்து மாதக்கணக்காகத் தகவல் இல்லை. நான் எங்கோ சீடியில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, யோசிக்காமல், அவனுக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதியில் அவன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு நிறுத்தினேன். கொஞ்ச நேரம் இருட்டில் கிடந்தான். பிறகு கேட்டான்: "ஏன் நிப்பாட்டினனி? மிச்சத்தைச் சொல்லு." சொன்னேன். ஒரு இடத்தில் சிரித்தான். அது அவனுக்கு ஆறுதலா, என் வெட்கத்தைப் போக்க அவன் செய்த தருமமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

துயரப்படுகிறவனுக்கு ரசனை வேண்டாம் என்று மற்றவன் முடிவு செய்வதும் ஒருவித அகங்காரம். அதற்காக என் ரசனைக்கு அவன் துயரத்திடம் அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வதும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டியிருக்கிறது. பெருஜியா தன் பெட்டியைப் பூட்டியபோது விட்ட பிழையும் இதுதான். பார்க்க வேறொரு முகம் அவன் அறையில் இருக்கவில்லை.

போன கிழமை இரவு, கடைசிச் சட்டி கழுவும்போது, அண்ணை உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்த இத்தாலிக்காரன் பிறகு என்ன ஆனவன்?"

"சண்டைக்குப் போய்த் தப்பி, திரும்பவும் பிரான்சுக்கே வந்திட்டான் அண்ணை. 1925இல பாரிசுக்குப் பக்கத்தில, சென் மோரில செத்தவன். 44 வயசு. இஞ்சதான் தாட்டது."

"ஊரில இல்லையோ?"

"இல்லை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தங்கச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினேன்.