பாதை செப்பனிடுதலும் அகிம்சாவிரதமும்

மலைப்பாதை ஒன்றைச் செப்பனிடுவதற்காகச் சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களைத் தொண்டாக அளிப்பது சிராவகருக்குத் தகுமா என்னும் வினா அண்மையில் நம் இல்லங்கள் சிலவற்றில் எழுந்துள்ளது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் பணிபுரியும் நம் இளைஞர்கள் இவ்வினாவை எழுப்பினர். பெரியோர் சிலர், செடியை வெட்டுவதும் மண்ணைக் கிளறுவதும் விரதத்திற்கு மாறானவை, தொண்டு செய்ய வேறு இடமா இல்லை என்று தடுத்தனர். இளைஞர்களோ, தொண்டு என்று வந்துவிட்டால் அதில் பாவம் ஏது என்று மறுமொழி கூறினர். இரு சாராரும் பாதி உண்மையைச் சொல்லி நிறுத்திவிட்டனர் என்பதே நம் கருத்து. ஆகவே இதனைச் சற்று விரித்து ஆராய்தல் நலம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். திருவள்ளூர் மாவட்டத்தில் மலைநடை என்றால் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பாலுள்ள குடியம் குகைப் பாதையே முதலில் நினைவுக்கு வருவது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டியை அடையலாம். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இடம்பெற்ற 40 தடங்களுள் இதுவும் ஒன்று. குடியம் சிற்றூரைக் கடந்து புதர்க்காட்டினூடே நடந்தால், உருண்டைக் கூழாங்கற்கள் செறிந்து இறுகிய பாறைச் சரிவும், அதனடியில் பெருங்குகையும் தோன்றும். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழாய்வு நடத்தினர். சற்றுத் தொலைவிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் கண்ட கற்கருவிகள் உலகப் புகழ் பெற்றவை. அவ்விடத்தின் பழமை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குகையில் ஊரார் அம்மனை வழிபடுகின்றனர். ஆகவே இது வெறும் பொழுதுபோக்குப் பாதையன்று. பல தலைமுறையினர் நடந்து தேய்த்த தடம்.

இத்தகைய பாதையில் தொண்டர் செய்யும் வேலை யாது? படித்த நகரத்தார் பலரும் குப்பை பொறுக்குவதே அது என்று எண்ணுகின்றனர். அது மிகச் சிறிய பகுதி. பாதையின் பெரும் பகைவன் மழைநீர். காலடி பட்டுப் பள்ளமான தடத்தை நீர் தன் வாய்க்காலாக ஆக்கிக்கொள்கிறது. மேல்மண் அரித்துச் செல்லப்படுகிறது. கல்லும் வேருமே எஞ்சுகின்றன. நடப்பவர் அதில் கால் வைக்க அஞ்சி ஓரமாக நடப்பர். மறுமாதம் அவ்வோரமும் பள்ளமாகும். அதற்கும் அப்பால் மூன்றாவது தடம் உண்டாகும். ஒரு முழ அகலமாயிருந்த ஒற்றையடிப் பாதை சில ஆண்டுகளில் வண்டிப்பாதை போல் விரிந்துவிடும். இதனைத் தடுக்கவே தடத்தின் குறுக்கே சாய்வாகக் கல்லோ மண்ணோ வைத்து நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றனர். முகத்தில் உராயும் களா, காரை, சூரை முட்கிளைகளை அளவாக நறுக்குகின்றனர். வழிதவறிய குறுக்குத் தடங்களை உலர்ந்த கிளைகளிட்டு மறைக்கின்றனர். அமெரிக்காவில் 1921இல் பெண்டன் மக்காய் என்பார் முன்மொழிந்து, 1937இல் நிறைவுற்ற அப்பலாச்சியன் நெடும்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அது இன்றளவும் பெரும்பாலும் இவ்வாறு தொண்டர் சங்கங்களின் கைகளாலேயே காக்கப்பட்டு வருகிறது.

இனி நம் அறநூல்களிடம் வருவோம். அருங்கலச்செப்பு பயின்ற இல்லங்களில் அனர்த்ததண்டவிரதம் என்னும் சொல் புதிதன்று. பயனின்றி உயிர்களைத் துன்புறுத்தும் செயல்களை விலக்குதலே அவ்விரதம். அத்தகைய செயல்களை ஐந்தாக வகுத்த சமந்தபத்திர சுவாமிகள், அவற்றுள் ஒன்றான பிரமாதசரியையை விளக்கும்போது, மண்ணைக் கிளறுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல், தான் வீணே திரிதல், பிறரைத் திரியச் செய்தல் ஆகியவற்றை எடுத்துரைக்கிறார். இப்பட்டியலைப் படிப்பவருக்கு வியப்புண்டாகும். மண் கிளறுதல், நீரைத் திருப்புதல், செடி வெட்டுதல், நடத்தல், பிறர் நடக்க வழிசெய்தல்: மலைப்பாதைத் தொண்டை முன்னிறுத்தியே எழுதியது போல் அன்றோ இருக்கிறது! பெரியோரின் தடை வெறும் பழமைப் பிடிவாதம் அன்று என்பதற்கு இதுவே சான்று. இளைஞர்கள் இதனை எள்ளி நகையாடிவிட்டுச் செல்லலாகாது.

ஆயினும் அப்பட்டியலின் உயிர்நாடி, பயனின்றி என்னும் அடைமொழியில் இருக்கிறது. அதை நீக்கிப் படித்தால் உழவரும் கிணறு தோண்டுவாரும் எல்லாம் விரதபங்கம் அடைந்தவராவர். எனவே கேள்வி, செடி வெட்டப்படுகிறதா என்பது அன்று. வெட்டப்படுவதால் விளையும் பயன் யாது, அப்பயன் வேறு எவ்வகையிலும் கிட்டாதா என்பதே.

பயனைப் பற்றி நம் மனத்தில் படுவது இது. சிராவகர் விரதங்களுள் திக்விரதமும் தேசவிரதமும் உள்ளன. தேசவிரதத்தைக் குணவிரதத்தில் சேர்ப்பாரும் சிக்ஷாவிரதத்தில் சேர்ப்பாரும் உளர். அவ்வேறுபாடு இங்கு நமக்கு வேண்டுவதன்று. இந்தத் திசையில் இவ்வளவு தொலைவு, இன்ன காலம் வரை இந்த எல்லைக்குள் என்று நடமாட்டத்தைக் குறுக்கிக்கொள்வதே அவற்றின் கருத்து. எல்லைக்கு வெளியே உள்ள உயிர்களுக்கு நம்மால் தீங்கு நேராது என்பதே அதன் பயன். நன்கு காக்கப்பட்ட ஒற்றையடிப் பாதை, ஆயிரம் பேரின் கால்களுக்கு மண்ணில் எழுதப்பட்ட தேசவிரதம் போன்றது. ஒரு முழ அகலத்திற்குள் கால்கள் அடங்கிவிட்டால், இருபுறமும் உள்ள புல்லும் பூச்சியும் எறும்பும் பிழைக்கின்றன. பாதை கெட்டால் கால்கள் பரவும். பத்துச் செடிகளை நறுக்கியதால் உண்டான தீங்கு கண்ணுக்குத் தெரிகிறது. நறுக்காமல் விட்டதால் நூறு தடங்கள் பெருகி மிதிபட்ட உயிர்கள் கணக்கில் வருவதில்லை.

முனிவர்களுக்குரிய ஈரியாசமிதியும் இதற்கு அரண் செய்கிறது. பகலொளியில், முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, ஏற்கெனவே மக்களும் கால்நடைகளும் நடந்து உயிர்கள் நீங்கிய பிராசுக மார்க்கத்தில் செல்லுதல் அவர்தம் ஒழுக்கம். தடம் இல்லாத புல்வெளியை முனிவர் நாடுவதில்லை. பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் திருநாதர்குன்றுக்கும் செல்லும் நம் குடும்பத்தார் இதனை எண்ணிப் பார்க்கலாம். நம் தலங்களை நோக்கி 2014 முதல் அகிம்சை நடை மேற்கொண்டு வருவோரும் எண்ணிப் பார்க்கலாம். அத்தலங்களின் தடங்கள் கெட்டுப்போனால் தரிசனத்திற்குச் செல்லும் நம் கால்களே குற்றம் புரியும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. இரும்பை உருக்கும் உலைகளின் பக்கத்தில் ஆறு நாள் நின்று பொருளீட்டும் பிள்ளையிடம், அது உத்யோகி ஹிம்சை, இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது என்று நாம் அமைதி கொள்கிறோம். ஏழாம் நாள் அதே பிள்ளை முட்செடி நறுக்கப் போகிறேன் என்றால் மட்டும் நமக்கு ஓரறிவுயிர் நினைவுக்கு வருகிறது. ஊதியம் வரும் ஹிம்சைக்கு ஒரு அளவுகோல், வராததற்கு வேறொரு அளவுகோல் என்பது நேர்மையாகாது. ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நால்வகையாகப் பகுத்த ஆசாரியர்கள் அப்பகுப்பை நம் வசதிக்காகச் செய்யவில்லை.

அவ்வாறாயின் இளைஞர்கள் கூறுவதே முற்றும் சரியா? அன்று. பாதை செம்மையானால் கூட்டம் பெருகும் என்னும் ஐயம் வலிமையுடையது. கூட்டத்துடன் நெகிழிப் புட்டிகளும், அணைக்காத தீக்குச்சியும் வந்துசேரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்தினர் பலர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அத்தீயில் மாண்ட ஊர்வனவற்றையும் பறவைக் குஞ்சுகளையும் எண்ணியவர் எவருமிலர். ஆகையால் பாதையை அகலப்படுத்தும் வேலை, படிகட்டி எளிதாக்கும் வேலை, வண்டி செல்ல வழிசெய்யும் வேலை ஆகியவற்றில் நம்மவர் கை வைக்கலாகாது. உள்ளதை உள்ளவாறு காத்தல் ஒன்று. இல்லாத இன்பத்தைக் கூட்டுதல் வேறு. பின்னது மேற்சொன்ன பட்டியலில், பிறரைத் திரியச் செய்தல் என்பதன்கீழ் நேராகவே வந்துவிடும். காப்புக்காடு ஆதலின் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி உள்ளே செல்லுதல் குற்றம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குடியத்திற்கே உரிய மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. நீரைத் திருப்ப வேண்டிப் பாதையோரக் கல்லை எடுத்து அடுக்குவது வேறெங்கும் இயல்பான செயல். இங்கோ, காலடியில் கிடக்கும் கூழாங்கல்லில் ஒன்று பன்னூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதக் கை செதுக்கிய கோடரியாக இருக்கக்கூடும். அது கிடந்த இடம் மாறினாலே ஆய்வாளருக்கு அதன் பொருள் பாதி அழிந்துவிடும். பையில் போட்டுக்கொண்டு வருவதோ கொடாததைக் கொள்ளுதல். அசௌரிய விரதத்திற்கு நேர்மாறு. கருவிகளைக் காண விரும்புவோர் பூண்டியிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் காணலாம். குடியம் தடத்தில் மண்ணையும் உலர்ந்த மரக்கிளையையும் கொண்டே நீரைத் திருப்புதல் வேண்டும்; கல்லைத் தொடலாகாது.

ஊராரைப் பற்றியும் நினைத்தல் வேண்டும். பாதை வேலைக்குக் கூலி பெறும் ஏழைத் தொழிலாளி ஒருவர் இருக்குமிடத்தில், நாம் இலவசமாகச் சென்று அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் புண்ணியம் என்று பெயரிடுவது தகாது. அவருடன் சேர்ந்து, அவர் காட்டும் முறையில் பணி செய்வதே பொருந்தும். காந்தியடிகள் 1937இல் வகுத்த ஆதாரக் கல்வியின் சாயல் நாம் பயின்ற காலத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் எஞ்சியிருந்தது. துடைப்பம் பிடிப்பதும் பாடத்தில் சேர்த்தியே. துடைப்பம் பிடிப்பவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் எவரும் கற்பிக்கவில்லை!

காலத்தைப் பற்றிய ஒரு குறிப்பு. சாதுர்மாசத்தில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவது மழையால் பெருகும் நுண்ணுயிர்களைக் கருதியே. அது கார்த்திகையில் நிறைவுறும். ஆனால் திருவள்ளூர்ப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முழு வலிமையுடன் பெய்துகொண்டிருக்கும். எழுத்தைப் பிடித்துக்கொண்டு கார்த்திகைப் பௌர்ணமி முடிந்ததும் மண்வெட்டி எடுப்பவர், விதியின் கருத்தைக் கைவிட்டவராவர். நம் மாவட்டத்திற்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் சற்று எஞ்சியிருக்கும். கதிரவன் தோன்றிய பின் தொடங்கி, மறைவதற்கு முன் உணவும் முடித்துத் திரும்பிவிடுதல் நம்மவர்க்கு எளிது. வெட்டிய கிளைகளை எரித்தல் கூடாது. ஓரத்தில் பரப்பினால் அவை மட்கி மண்ணோடு சேரும்.

இத்தொண்டைத் தவத்தோடு சேர்த்துப் பேசுவாரும் உளர். வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று என்பது மெய்யே. ஆனால் அது முனிவர் முதலானோர்க்குச் செய்யும் பணிவிடை. மலையேறுவோர்க்கு வழி திருத்துவதை அதற்குள் திணிப்பது மிகை. இது சுபோபயோகம், நல்வினை, அவ்வளவே. இதனாலும் வினை பந்திக்கும். மாலையில் வீடு திரும்பியதும் அன்று தெரிந்தும் தெரியாமலும் நேர்ந்த தீங்குகளை எண்ணிப் பிரதிக்கிரமணம் செய்யாமல் உறங்கச் செல்பவர், தொண்டு செய்தோம் என்னும் செருக்கை மட்டுமே சுமந்து வந்தவர் ஆவர்.

இறுதியாக, இளைஞர் ஒருவர் கேட்ட ஐயம். தடத்தின் நடுவே கறையான் புற்று எழுந்திருந்தால் என் செய்வது? புற்றை இடித்துப் பாதையை நேராக்குவது எளிது. கடப்பாரையால் சில நிமிட வேலை. பாதையைப் புற்றைச் சுற்றி வளைப்பதாயின் இரண்டு மூன்று முட்செடிகளை நறுக்க நேரும். புதிதாகச் சில அடி நிலம் மிதிபடும். அரை நாள் செல்லும். கறையான் பல புலன்களுடைய உயிர். அவை ஒரு புற்றில் எண்ணிறந்தன. செடியோ ஓரறிவுயிர், கிளையை மட்டும் நறுக்கினால் மீண்டும் தளிர்க்கும். வனத்துறையின் வழிகாட்டி இசைவாராயின் பாதை வளையட்டும். அரை நாள் போதாவிடில், மறு சனிக்கிழமையும் வரலாம்.